வால்பேப்பரில் இருந்த நட்சத்திரப் புகை

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒருத்தி மடியில் லேப்டாப்.

“செத்துப்போற நட்சத்திரங்க விட்ட புகைய வச்சு, பிரபஞ்சம் பொறந்தப்போ எவ்ளோ ஹீலியம் இருந்துச்சுன்னு பாக்குறேன். இருக்க வேண்டியதவிட ஜாஸ்தியாவே வருதுடி,” என்றாள் லேப்டாப்காரி.

“நைட்ரஜன் பாத்தியா? எதுலயாவது அதுவும் ஜாஸ்தின்னா, அந்த நட்சத்திரமே ஹீலியம் செஞ்சு கலந்திருக்கு. அதைத் தூக்கிடு.”

தேடினாள். “ஒண்ணுல நைட்ரஜன் எக்கச்சக்கம். ஐயோ, அதோட படம்தான் என் போன் வால்பேப்பர்.”

“தூக்குடி.”

தட்டினாள், திரையில் ஹீலியம் கோடு இறங்கியது.

“கால் பங்குக்குக் கொஞ்சம் கீழ. வந்துடுச்சுடி, சரியா வந்துடுச்சு.”

அடுகோடிக்கு டிக்கெட் எடுத்திருந்த இருவரும் அடுகோடி தாண்டியதைக் கவனிக்கவில்லை.

“வால்பேப்பரையும் மாத்திடுவியா?”

“எதுக்கு? அது கணக்குக்குத்தான் ஆகாது.”