வாட்டர் பம்பின் கடைசி போல்ட்

அந்தமானில் இரும்பு துருப்பிடிக்கிற சத்தம் காதில் கேட்கும். மெயின்லாண்டிலிருந்து வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். மதராஸ் கப்பலில் பளபளவென்று ஏறிய போல்ட், இங்கே கப்பல் துறையில் இறங்கும்போது தாடி வளர்த்திருக்கும். எங்கள் ஊர் பெரார்கஞ்சுக்கு வந்து சேர்வதற்குள் பேரன் எடுத்திருக்கும். இத்தனை தீவுகளிலும் துருவோடு பேசிப் பழகியவன் நான் ஒருவன்தான். வேலையிலிருந்து ஓய்ந்தவன் பீற்றிக்கொள்கிறான் என்று நினைக்க வேண்டாம். குறைத்தே சொல்கிறேன்.

ஜீப்பின் வாட்டர் பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் என்ஜினோடு ஒட்டிப்போயிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் தலை கையோடு வந்துவிடும், உடம்பு உள்ளே தங்கிவிடும். பிறகு கப்பலில் சாமான் வரும்வரை ஜீப் கோழி அடையத்தான் உதவும். அதனால் மண்ணெண்ணெய் விட வேண்டும். செல்லமாகத் தட்ட வேண்டும். சுற்றிலும் சுடவைத்து மெழுகுவத்தியைக் காட்டினால் மெழுகு மரைக்குள் இறங்கும். ஆறியதும், இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பிவிட்டுத்தான் கழற்றுகிற பக்கம் திருப்ப வேண்டும்.

இந்த வித்தையை ஒருவனிடம்தான் சொன்னேன். செபஸ்தியான், தூத்துக்குடிக்காரன். மரக் காண்ட்ராக்டர் பாலசுப்பிரமணியத்தின் ஷெட்டில் என்னோடு வேலை பார்த்தவன். அவன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவன் மனைவி அமுதம் வைக்கும் சூரைக் கருவாட்டுக் குழம்பின் வாசனைக்குக் கடலில் போகிற கப்பல்கூடத் திரும்பும்.

அறுபத்து மூன்றாம் வருஷம் முதலாளியின் ஜீப்பில் செபஸ்தியான் அவசரப்பட்டு ஒரு போல்ட்டை முறித்தான். முதலாளி வந்து யார் என்று கேட்டார்.

"கோவிந்தராஜ் அண்ணன்தான், மொதலாளி. நான் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்று செபஸ்தியான் என்னைக் கைகாட்டினான்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் ஜீப்பைப் பார்த்தான். முந்தின இரவுதான் ஒரே சட்டியில் சாப்பிட்டிருந்தோம்.

"உன் கைக்கு ஸ்பேனர் எதுக்குய்யா? கோடாலிதான் லாயக்கு. சலோ, காட்டுக்குப் போய் மரம் வெட்டு" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். நிக்கோபார் பக்கம் கட்சால் தீவு வரைக்கும் சிரிப்புப் போயிற்று; அங்கே தென்னை மரங்களே குலுங்கினவாம். தலைமை மெக்கானிக் வேலை செபஸ்தியானுக்குக் கிடைத்தது. நான் ரோட்டு வளைவில் சொந்தமாக ஒரு ரிப்பேர் கொட்டகை போட்டுக்கொண்டேன்.

மறு வருஷம் மழைக்காலத்தில், ஒரு மதியம், அதே ஜீப் ஆவி கக்கிக்கொண்டு என் கொட்டகைக்கு முன்னால் நின்றது. பின்னால் அமுதம் படுத்திருந்தாள். தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே கிடந்தது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் போய்விட்டது.

"அண்ணே, பம்பு போச்சு. ஜல்தி பாருங்கண்ணே. என் கை நடுங்குது" என்றான் செபஸ்தியான்.

என்னிடம் அதே மாதிரி பம்ப் ஒன்று கிடந்தது. அவனை அமுதத்தின் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன். மற்ற போல்ட்டுகள் வந்துவிட்டன. கடைசி போல்ட் மட்டும் பிடித்துக்கொண்டது என்று சொன்னேன். மண்ணெண்ணெய் விட்டேன். தட்டினேன். மெழுகுவத்தி இருக்கிறதா என்று கேட்டேன். மாதாவுக்கு நேர்ந்து எடுத்து வந்திருந்ததை அவன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

மருத்துவச்சி செல்வம்மாள் ஜீப்பிலிருந்து கத்தினாள்: "ஏய்யா, போல்ட்டுக்குத் தாலாட்டா பாடுத? இங்க ஒருத்தி உசிரு போவுது!"

"அவசரப்பட்டா முறிஞ்சிரும்மா. சந்தேகம்னா செபஸ்தியானைக் கேளுங்க."

செபஸ்தியான் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணன் சொல்றது சரிதான். அவர் போக்குல விடுங்க" என்றான்.

சுடவைத்தேன். ஆறவிட்டேன். மழை வலுத்து, ஓய்ந்து, மறுபடியும் பிடித்தது. அமுதம் முதலில் கத்திக்கொண்டிருந்தாள், பிறகு முனகினாள். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கடைசி போல்ட் தொட்டவுடனேயே வந்துவிட்டது. வெண்ணெயில் செருகி வைத்த மாதிரி, விரலாலேயே கழன்றது. நான்தான் அதைத் திரும்ப உள்ளே விட்டு இறுக்கினேன். அதற்குப் பிறகுதான் மண்ணெண்ணெய், மெழுகு எல்லாம்.

பம்ப் மாட்டியபின் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஜீப் குதிரை மாதிரி ஓடியது. ஆனால் போர்ட் பிளேருக்கு முன்னால் இருக்கிற கராச்சர்மா வருவதற்குள் அமுதம் அடங்கிவிட்டாள். பிள்ளையும் பிழைக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் செபஸ்தியான் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அன்னிக்குப் போல்ட்டை முறிச்சது நான்தாண்ணே. பழியை உங்க மேல போட்டேன். அதையெல்லாம் மனசுல வச்சுக்காம எங்களுக்காக எவ்வளவு பாடுபட்டீங்க."

அங்கேயே, அந்த நிமிஷமே, நான் அவனை மன்னித்துவிட்டேன்.