வாங்கிய தடையைத் திருப்பிக் கொடுத்தவர்

மேடையில் வீற்றிருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, பணி ஓய்வு பெற்ற நீதிபதி அவர்களே, வரித்துறையிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், மறைந்த வழக்கறிஞர் அம்மையாரின் அண்ணன் அவர்களே, அண்ணி அவர்களே, உட்கார இடமில்லாமல் படிக்கட்டு வரை நிற்கும் இளம் வழக்கறிஞர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேச அழைத்த சங்கச் செயலாளரிடம் நான் கேட்டேன்: "ஏங்க, காலமெல்லாம் அந்தம்மாவுக்கு எதிரா நின்னவன் நான். என்னையா பேசச் சொல்றீங்க?" அவர் சொன்னார்: "எதிர்ல நின்னவருக்குத்தானே சார் முகம் நல்லாத் தெரியும்."

உண்மைதான். நான் வரித்துறைக்காக வாதாடுபவன். அவர் வரித்துறையால் பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடியவர். எத்தனை வழக்குகளில் அவரிடம் தோற்றிருப்பேன்! எத்தனை நாள் அவர் எழுந்து நின்றதுமே என் குறிப்புகளை மறுபடி புரட்டியிருப்பேன்!

நீதிமன்ற வளாகத்தில் அவருக்கு "அப்புறம் அம்மா" என்றுதான் பெயர். கட்சிக்காரர் கதையைச் சொல்லி முடித்ததும் "அப்புறம்?" என்பார். அவர் இன்னும் கொஞ்சம் சொல்வார். மறுபடி "அப்புறம்?" ஒரு பாத்திரக் கடைக்காரர் அம்மையாரின் அறையிலிருந்து வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்து என்னிடம் புலம்பினார்: "வரி நோட்டீஸ் விஷயமாப் பேசப் போனேன் சார். என் மாமனாருக்குக்கூடத் தெரியாத கதையெல்லாம் சொல்லிட்டு வரேன்!"

ஏன் அப்படித் துருவினார்? வரி வழக்கில் மனுப் போடுகிறவர், "இதே விஷயத்துக்காக இதற்கு முன் எந்த நீதிமன்றத்தையும் நான் அணுகவில்லை" என்று சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். பலருக்கு அது சடங்கு. அம்மையாருக்கு அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் முழு மனுவும் நின்றது. அந்த வாக்கியம் பொய்யானால் என்ன ஆகும்? அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பலர் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். அருகிலிருந்து பார்த்தவன் நான்.

சொல்லலாமா என்று இன்று காலை அண்ணியிடம் அனுமதி கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். கணவர் தலையை மட்டும் ஆட்டினார். அண்ணி சொன்னார்: "சொல்லுங்க சார். மறைச்சு மறைச்சுப் பட்டது போதும்."

அண்ணனுக்குக் காலணித் தொழிற்சாலை இருந்தது. சாதாரணக் காலணி அல்ல. ஒரு கால் குட்டையாக இருப்பவர்கள் அணிவதற்கு, ஒற்றைக் கால் அடிப்பகுதியை உயர்த்திச் செய்யும் காலணி. கால் அளவெடுத்து, ஒவ்வொருவருக்கும் தனியாக அச்சு வைத்துச் செய்வார்கள். இது உடல் ஊனமுற்றோருக்கான உதவிக் கருவி, குறைந்த வரிதான் என்று அவர் கட்டிக்கொண்டு வந்தார். செருப்பு என்றால் செருப்புதான், கூடுதல் வரி கட்டு என்றது என் துறை. வங்கிக் கணக்கை முடக்கியது. அவர் தன் தங்கையிடம் ஓடி வந்தார்.

"அப்புறம்?" என்று அண்ணனிடமும் அம்மையார் கேட்டார். "வேற எங்கேயாவது கேஸ் போட்டியாண்ணே?"

"பாப்பா, உன் அண்ணன்கிட்டயே குறுக்கு விசாரணையா? அவ்வளவுதாம்மா. வேற ஒண்ணுமில்ல."

மனுவில் கையெழுத்திட்டார். வழக்கு வந்தது. இதோ மேடையில் இருக்கிறாரே, இந்த நீதிபதியின் முன்னால்தான் வந்தது! அன்று அம்மையார் வாதாடியதைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். உயர்த்திய காலணி ஒன்றை மேசைமேல் வைத்தார். "இதை இரண்டு காலும் சமமா இருக்கிற ஒருத்தர் போட்டுக்கிட்டு இந்த அறையைக் குறுக்கே நடந்து காட்டட்டும். அரசு வழக்கறிஞரே முயற்சி பண்ணலாம்" என்றார். அறை சிரித்தது. என் வாதம் அங்கேயே படுத்துவிட்டது. வரி வசூலுக்கு இடைக்காலத் தடை! முடக்கிய கணக்கைத் திறக்க உத்தரவு! நீதிபதி சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தர் எழுதிக்கொண்டார். மாலைக்குள் கையெழுத்தாகிவிடும்.

நான் கோப்புகளைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன். சற்றுத் தள்ளி அவர்கள் மூவரும் நின்றார்கள். அண்ணிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நீ பேசினதுல பாதி அந்த மொத வக்கீல் பேசியிருந்தா, அந்தக் கோர்ட்டுலயே அன்னைக்கே ஜெயிச்சிருப்போம். தள்ளுபடின்னு வந்தப்ப உங்கண்ணன் எப்படி உடைஞ்சு போனாரு தெரியுமா!"

அம்மையாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அண்ணனிடம் திரும்பினார்.

"எந்த மொத வக்கீல்?"

அவர்கள் அதன்பின் பேசியது என் காதில் விழவில்லை. அண்ணன் பிற்பாடு எனக்குச் சொன்னதைத்தான் சொல்கிறேன். தங்கையிடம் வருவதற்கு முன்பே இன்னொரு நீதிமன்றத்தில் இதே விஷயத்துக்கு இதே மனுவை அவர் போட்டிருந்தார். முதலில் வரித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய், உரிய காலத்துக்குள் செய் என்று சொல்லி அதைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். அவர் மேல்முறையீடு செய்யவில்லை. அதை மறைத்து, புதிதாக வருகிறவர் போல வேறு வாசல் வழியாக வந்துவிட்டார்.

"உள்ள போய்ச் சொல்லணும்ணே. நீயே சொல்றதுன்னா நல்லது."

"பைத்தியமா உனக்கு? அவங்களுக்கே தெரியாது. உத்தரவு வந்தாச்சு. இன்னைக்குச் சாயங்காலம் கணக்கைத் திறந்துட்டா நாளைக்குச் சம்பளம் போட்டுருவேன். அத்தனை பேர் வீட்டுல அடுப்பு எரியணும் பாப்பா!"

"தெரியாததாலதான் கொடுத்திருக்காங்க."

"நீ உள்ள போய் வாயைத் தொறந்தா, எனக்குத் தங்கச்சியே இல்ல."

தங்கை உள்ளே போனார். போகும் வழியில் என்னைக் கடந்தவர், "சார், கிளம்பிடாதீங்க. நீங்க இல்லாம நான் பேசக் கூடாது" என்றார். ஏன், எதற்கு என்று கேட்டேன். "அங்க வந்து கேட்டுக்குங்க" என்றார்.

உள்ளே வேறு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் எழுந்தார். நீதிபதி வியப்போடு பார்த்தார்: "உத்தரவு உங்க பக்கம்தானேம்மா வந்திருக்கு? இன்னும் என்ன?"

"அந்த உத்தரவைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன் ஐயா. இந்த மனுவுக்கு முன்னாடி இன்னொரு மனு இருந்திருக்கு. தள்ளுபடி ஆகியிருக்கு. அது உங்ககிட்ட மறைக்கப்பட்டிருக்கு."

"யார் மறைச்சது?"

"சத்தியத்துல இருக்கிற கையெழுத்து என் கட்சிக்காரரோடது. அதை நம்பி உங்களை நம்ப வெச்ச வாய் என்னோடது."

"கட்சிக்காரர் உங்களுக்கு உறவுன்னு கேள்விப்பட்டேனே?"

"கூடப் பிறந்த அண்ணன், ஐயா."

பெரியோர்களே! எதிர்த்தரப்பில் இருந்த நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? கையிலிருந்த கோப்பை மேசையில் வைத்துவிட்டேன். கதவருகே அண்ணன் நிற்பதை நான் பார்த்தேன். தங்கையும் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் இடிமேல் இடி. தடை ரத்து. மனு தள்ளுபடி. அபராதம். பொய்ச் சத்தியம் செய்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று தனி நோட்டீஸ். எல்லாவற்றையும் விடக் கொடியது எது தெரியுமா? அந்தக் காலணி உதவிக் கருவியா, வெறும் செருப்பா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே மறுத்துவிட்டது. மறைத்துவிட்டு வந்தவரின் பேச்சைக் கேட்க மாட்டோம் என்றது. சட்டம் அதுதான். நியாயம் அவர் பக்கம் இருந்தது, ஐயா! கையில் இருந்த நியாயத்தை ஒரு பொய்க்குள் சுற்றிக் கொண்டுவந்தார், பொய்யோடு சேர்த்து அதையும் வெளியே எறிந்துவிட்டார்கள்.

கணக்கு முடங்கியபடியே கிடந்தது. தொழிலாளர்கள் அம்மையாரின் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். தோல் தைக்கும் பெண்மணி ஒருவர் மேசையில் அடித்துக் கேட்டார்: "நீங்க நல்லவங்கன்னு பேர் வாங்க எங்க சம்பளமா மேடம் கிடைச்சுது?"

அம்மையார், "கேக்க வேண்டிய கேள்விதான்" என்று மட்டும் சொன்னார். தான் அந்த வழக்கில் நிற்கக் கூடாது என்பதால், வேறு வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்துத் தொழிலாளர்கள் சார்பில் மனுப் போட வைத்தார். நடந்தது அத்தனையையும் மனுவின் தொடக்கத்திலேயே எழுத வைத்தார். முடங்கிய கணக்கிலிருந்து சம்பளம் மட்டும் கொடுக்க நீதிமன்றம் அனுமதித்தது. நான் எதிர்க்கவில்லை. ஆனால் தொழிற்சாலையை அது காப்பாற்றவில்லை. வாங்குகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இயந்திரங்கள் விலைபோயின.

அம்மையார் மட்டும் சும்மா தப்பினாரா? "சொந்த அண்ணனையே காட்டிக் கொடுத்தவ" என்று கட்சிக்காரர்கள் விலகினார்கள். நம் சங்கத்திலேயே சிலர் அப்படிப் பேசினோம். முகத்தைத் திருப்பாதீர்கள், பேசினோம்! அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தைக்கு அழைப்பு இல்லை. யாரோ தெரிந்தவர், "என்ன மேடம், கல்யாணத்துல உங்களைக் காணோமே?" என்று கேட்டபோதுதான் அவருக்கே தெரிந்தது. அன்றைக்கும் நீதிமன்றம் வந்தார். வாதாடினார். என்னைத் தோற்கடித்தார். பிறகு வண்டிக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் அருகில் போகவில்லை.

கதை அத்தோடு முடிந்திருக்கலாம். அண்ணனுக்கு ஒரே வழி மிச்சமிருந்தது. காலம் கடந்த மேல்முறையீட்டை மன்னித்து ஏற்கும்படி தீர்ப்பாயத்தில் கேட்பது. புது வழக்கறிஞர் ஒருவர் யோசனை சொன்னார்: "முதல் மனு எனக்குத் தெரியாமலே அந்த வக்கீல் போட்டதுன்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது." அண்ணன் சரி என்றுவிட்டார். அண்ணிதான் கணவருக்குத் தெரியாமல் நாத்தனாரைத் தேடிப் போய் அழுதார்.

அம்மையார் அண்ணன் வீட்டுக்குப் போனார். கதவு பாதிதான் திறந்தது.

"இந்த வீட்டுக்குள்ள வராத பாப்பா."

"வரல. வாசல்ல நின்னே சொல்லிட்டுப் போயிடறேன். உன் கேஸ் நல்ல கேஸ்ணே. அதை எதுக்குப் பொய்க்குப் பின்னாடி ஒளிய வைக்கிற? மறைச்சேன்னு சொல்லு. திட்டுவாங்க, அபராதம் போடுவாங்க. ஆனா கேப்பாங்க. மறுபடி மறைச்சு அது வெளியே வந்துச்சுன்னா, உன் காலணியைப் பத்தி இனி ஒருத்தரும் காது கொடுக்க மாட்டாங்க."

"நீ மறுபடி போய்ச் சொல்லிடுவியா?"

"நான் உன் வக்கீல் இல்லையே. நான் எதுக்குச் சொல்றேன்? உன் தங்கச்சியா இருக்கலாமான்னு கேக்க வந்தேன்."

கதவு சாத்தப்பட்டது.

தீர்ப்பாயத்தில் வழக்கு வந்தபோது நான் ஆயுதங்களோடு போயிருந்தேன். இவர் மறைத்தவர், இவருக்குச் சலுகை காட்டக் கூடாது என்று எழுந்து தொடங்கினேன். தீர்ப்பாய உறுப்பினர் அண்ணனைப் பார்த்தார். வழக்கறிஞர் எழுவதற்குள் அண்ணனே எழுந்தார்.

"அவர் சொல்றது நெஜம்ங்க. மறைச்சது நான்தான். கோர்ட்டுக்கு மறைச்சேன். என் தங்கச்சிக்கும் மறைச்சேன். அவ சொல்லிட்டா. எனக்குச் சொல்ல இத்தனை நாளாச்சு."

நான் உட்கார்ந்துவிட்டேன். இனி எதைச் சொல்வது? நான் வெளிப்படுத்த வைத்திருந்த எல்லாவற்றையும் அவரே வெளிப்படுத்திவிட்டார்! தீர்ப்பாயம் கடிந்தது, செலவுத்தொகை கட்டச் சொன்னது, பிறகு தாமதத்தை மன்னித்தது. வழக்கைக் கேட்டது. அது உதவிக் கருவிதான் என்று தீர்ப்பளித்தது. வென்றார். ஆனால் வென்றபோது தொழிற்சாலை இல்லை. இன்று ஒரு சின்னக் கொட்டகையில், திரும்பி வந்த சிலரோடு அதே காலணியைச் செய்கிறார். அந்தத் தோல் தைக்கும் பெண்மணியும் அங்கேதான் இருக்கிறார். இந்த அரங்கிலும் இருக்கிறார்.

தீர்ப்பு வந்த அன்று அம்மையார் கடைசி வரிசையில் இருந்தார். கூட்டம் கலைந்ததும் அண்ணன் அவரிடம் போய் நின்றார். என்னென்னவோ பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "எதுல வந்த? இரு, நான் கொண்டுபோய் விடறேன்" என்றார். தங்கை பையை அவரிடம் கொடுத்துவிட்டுக் கூடவே நடந்தார். அவ்வளவுதான். பிறகு அம்மையார் நோயில் படுத்த நாள்களில் நான் மருத்துவமனைக்குப் போனபோதெல்லாம் அந்த அண்ணன்தான் கட்டிலருகே இருந்தார்.

அம்மையார் போய்விட்டார். அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை.

மறைப்பது மனுதாரர் மட்டும்தானா? அரசு மறைப்பதில்லையா? நாளை தீர்ப்பாயத்தில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. எதிரே நிற்பவர் ஒரு முதியவர். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாமல் தானே வாதாடுகிறார். அவர் எழுப்பும் அதே கேள்வியில், அதே தீர்ப்பாயம், ஏற்கெனவே என் துறைக்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கிறது. அது அந்த முதியவருக்குத் தெரியாது. துறை அதிகாரி என்னிடம் சொன்னார்: "அவருக்கே தெரியாதப்ப நாம ஏன் சார் வாயைத் தொறக்கணும்?" நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த அதிகாரியும் இங்கேதான் அமர்ந்திருக்கிறார். பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாளை வழக்கு அழைக்கப்பட்டதும் முதல் ஆளாக எழுந்து, அந்தத் தீர்ப்பை நானே தீர்ப்பாயத்தின் முன் வைப்பேன். அம்மையாருக்கு நான் செலுத்தும் அஞ்சலி அதுதான்!

அதிகாரி அவர்களே, அந்த வழக்கை என்னிடமிருந்து பறிப்பதென்றால் இப்போதே பறித்துக்கொள்ளுங்கள். வேறு யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் இந்த அரங்கத்தில் இத்தனை வழக்கறிஞர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். இனி உங்களால் மறைக்க முடியாது.