முடி வெட்டப் போன கதை

இருந்தவர்கள்: அப்பா, லிஃப்ட் மெக்கானிக். வெளியே கிளம்ப சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அம்மா, மருந்துக்கடையில் வேலை, இன்று லீவு. மகள், ஆறு வயது, சாப்பாட்டு மேசைக்கு அடியில். கேட்டதைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்வாள். எப்போது சொல்வாள் என்பது அவள் இஷ்டம்.

அம்மா: ...அப்போ நேத்து முடி வெட்டத்தான் போனீங்க?

அப்பா: ஆமா. எத்தனை தடவை கேப்ப?

அம்மா: அவ முடி அப்படியே இருக்கே.

அப்பா: கடையில கூட்டம். திரும்பி வந்துட்டோம்.

அம்மா: கத்தரி சத்தம் கேட்டாலே ஊரைக் கூட்டுற பிள்ளை. அவளைப் போய் முடி வெட்ட... ஒரு பொய்யை ஒழுங்கா சொல்லத் துப்பில்ல உங்களுக்கு.

மகள்: "பாப்பா, இந்தக் கட்டையை அடுக்கு. வெரி குட். பேனாவை வாயிலேர்ந்து எடு."

அம்மா: இது யாரு குரல்?

அப்பா: டிவியில கேட்டிருப்பா.

மகள்: டிவி ரிப்பேர்.

அம்மா: கேட்டுக்கோங்க.

அப்பா: இவளை வச்சுக்கிட்டு மனுஷன் ஒரு...

மகள்: "அப்பா, அழாதீங்க. டிஷ்யூ அந்தப் பக்கம் இருக்கு."

அப்பா: ஏசி காத்து. கண்ணுல பட்டுடுச்சு.

அம்மா: எந்த டாக்டர்?

அப்பா: பெரிய டாக்டராம். வேலைக்குப் போன இடத்துல ஒரு அம்மா சொன்னாங்க.

அம்மா: லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட அம்மாவா?

அப்பா: வெளிய எடுத்து விட்டேன்ல. அந்த நன்றிக்குச் சொன்னாங்க.

அம்மா: டாக்டர் என்ன சொன்னாரு?

அப்பா: முதல்ல பார்த்த டாக்டர் சொன்ன அதேதான்.

அம்மா: எது?

அப்பா: அது.

அம்மா: அதுக்குப் பேர் இருக்கு.

அப்பா: குட்டி காதுல விழும்.

அம்மா: விழட்டும். அவளைப் பத்திதானே? சொல்லுங்க.

அப்பா: ...ஆட்டிசம்.

அம்மா: வாய் வெந்துடலையே?

அப்பா: ஒரு மோட்டார் ஓடலன்னா நாலு பேர்கிட்ட காட்டுவோம். தொழில் பழக்கம்.

அம்மா: அவ மோட்டாரா?

அப்பா: இல்ல... மோட்டார் நம்மளைக் காட்டிக் கொடுக்காது.

அம்மா: சிரிக்க வைக்காதீங்க. இன்னிக்குப் பேச்சுப் பயிற்சி, முதல் வகுப்பு. ஏற்கெனவே தள்ளிப் போட்டாச்சு. இன்னிக்கும் போகலன்னா அந்த இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவாங்க.

அப்பா: அதே நேரத்துக்குத்தான்... இன்னொரு டாக்டர் வரச் சொல்லியிருக்காரு.

அம்மா: இதுவும் லிஃப்ட்ல மாட்டினவங்க சொன்னதா?

அப்பா: இல்ல. இதைச் சொன்னவரு லிஃப்ட் ஓடாம படியில ஏறி வந்தவரு.

அம்மா: அவரும் அதையே சொன்னா?

அப்பா: சொல்லாம இருந்தா?

அம்மா: இருந்தா? சாயங்காலம் வேற பிள்ளையையா வீட்டுக்குக் கூட்டிட்டு வருவீங்க?

மகள்: ஷூ.

அப்பா: இது யாரு குரல்?

அம்மா: அவ குரல்தான். கிளம்பணுமாம்.

அப்பா: வா குட்டி. முதல்ல எந்தக் காலு?

மகள்: இது.

அம்மா: அப்படியே அந்தப் படிக்கட்டு டாக்டருக்கும் ஃபோன் போடுங்க.

அப்பா: ...ஹலோ. இன்னிக்கு வரலைங்க... இல்ல, வேற நாளும் வேணாம்... ஆமா, பரவாயில்லைங்க... வச்சுட்டேன். போதுமா?

அம்மா: போதும். இனிமே எனக்குத் தெரியாம ஒரு டாக்டர்கிட்டயும் போகக் கூடாது. புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன ஒளிவு மறைவு...

மகள்: "ஏம்மா, வீட்டுக்காரருக்குத் தெரியாமயா வந்தீங்க? அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க."

அம்மா: வெளிய வாங்க. நேரமாச்சு.

அப்பா: இது எந்த டாக்டர்?

அம்மா: முதல்ல கதவைச் சாத்துங்க.

அப்பா: சாத்திட்டேன். எந்த டாக்டர்?

அம்மா: பூட்டுங்க.

அப்பா: பூட்டியாச்சு. இழுத்தும் பார்த்தாச்சு. இப்பவாவது சொல்லு, யாரு அவரு?

அம்மா: அவரு இல்லங்க, அவங்க. லேடி டாக்டர், போன மாசம். மனசு கேக்காம அதுக்கப்புறம் இன்னொருத்தர்கிட்டயும் போனேன். ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க... குட்டி கையைப் பிடிங்க, இறங்குங்க.