பள்ளிக்கூட வேன் நிறத்தில் ஒரு பேஸ் கிட்டார்

— மஞ்சளா?

— மஞ்சள்தான் அத்தை.

— நான் என்ன சொன்னேன் மாப்ள? மரம் மரமாவே இருக்கட்டும், மேல எண்ணெய் மட்டும் தடவுங்க போதும்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க.

— முப்பது வருஷமா கறுப்பு பேஸ் வாசிக்கறவ நான். மாப்ளகிட்ட முதல் தடவையா வாய் திறந்து ஒண்ணு கேட்டேன். பள்ளிக்கூட வேனுக்கு அடிக்கற பெயிண்டை அடிச்சு வச்சிருக்கீங்க.

— முதல் தடவையா வாய் திறந்தீங்களா? சரி, அதை விடுங்க. இது பெயிண்ட் இல்ல அத்தை, லாக்கர், மரத்துக்குப் போடற கண்ணாடிப் பூச்சு. எட்டு கோட்டு. ஒவ்வொண்ணையும் காயவிட்டு, தண்ணி தொட்டு உப்புத்தாள் போட்டு, மறுபடியும் அடிச்சு, கடைசியில மூணு வாரம் யாரும் தொடாம தொங்கவிட்டு, அப்புறம் பாலிஷ் போட்டிருக்கேன். இதுல மூஞ்சி பாத்து ஷேவ் பண்ணலாம்.

— அப்ப பண்ணியிருக்கலாமே. நாலு நாள் தாடியோட நிக்கறீங்க.

— உங்க வேலையிலதான் நாலு நாள் போச்சு. உக்காருங்க, முதல்ல மடியில வச்சுப் பாருங்க. அப்புறம் திட்டுங்க, எங்கயும் போயிட மாட்டேன்.

— என்ன இது, அட்டையில செஞ்சீங்களா? எடையே காணோம்.

— தோள் வலின்னு சொன்னீங்களே. உள்ளே ரெண்டு பக்கமும் குடைஞ்சு வெத்து அறை விட்டு, மேல பலகை போட்டு மூடியிருக்கேன். உங்க பழசு நாலரைக் கிலோ. இது மூணு.

— பின்பக்கம் ஏன் பள்ளமா இருக்கு?

— அது உடம்போட பொருந்தி உக்கார்றதுக்கு.

— உடம்புன்னா?

— வயிறுதான் அத்தை. அளவு கேட்கப் பயம். கண்ணளவுலயே குடைஞ்சேன். மரியாதைக்கு அரை இஞ்சு குறைச்சுத்தான் குடைஞ்சிருக்கேன்.

— எங்க குழுவுல நீ ஒயர் சுத்திக்கிட்டிருந்தப்பவே உன்னைத் துரத்தி விட்டிருக்கணும்.

— 'நீ'ன்னுட்டீங்க.

— கோவத்துல வந்துடுச்சு. பொண்ணைக் குடுத்தப்புறம் அப்படிச் சொல்லக் கூடாது. எங்க குழுவுல நீங்க ஒயர் சுத்திக்கிட்டிருந்தப்பவே உங்களைத் துரத்தி விட்டிருக்கணும்.

— இப்ப நல்லா இருக்கு. வாசிங்க, ஆம்ப் போட்டிருக்கேன்.

— இருங்க. அடித் தந்தியில இருந்து வர்றேன். ம். சும்மா சொல்லக் கூடாது மாப்ள.

— என்ன?

— ஒண்ணுமில்ல. சும்மா சொல்லக் கூடாதுன்னேன்.

— அவ்வளவுதானா? ஏழு மாச வேலை அத்தை.

— ஜன்னல் கண்ணாடி அதிருது, கேக்கலையா? அதுதான் பாராட்டு. பழசு தொண்டையில இருந்து பேசும். இது அடிவயித்துல இருந்து பேசுது.

— எல்லாம் அந்தப் பள்ளத்தோட புண்ணியம்.

— பள்ளத்தை விடமாட்டீங்களே. நெக் ஓரத்துல பித்தளைப் பொட்டு வச்சுட்டீங்களா? ஆங், இருக்கு. மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பது. பன்னெண்டாவது கட்டத்துல ரெண்டு. கட்டைவிரல் போனாலே தட்டுப்படுது.

— ஒரு முடி அளவுக்குத்தான் தூக்கி வச்சிருக்கேன். கையைக் கிழிக்காது. தொட்டாத் தெரியும்.

— அழகா இருக்கும்னுதான் கேட்டேன். வேற ஒண்ணுமில்ல.

— அழகாத்தான் இருக்கு.

— கலரைத் தவிர. மஞ்சள்னாலே எனக்கு இப்பல்லாம் எரிச்சல் வருது மாப்ள. உங்க பொண்டாட்டி பண்ற கூத்து அப்படி. வீட்டுப் படிக்கெல்லாம் ஓரத்துல மஞ்சள் பட்டை. ஸ்விட்சைச் சுத்தி மஞ்சள் டேப். வருஷக்கணக்கா டீ குடிச்ச பழுப்புக் கப்பையெல்லாம் யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டு மஞ்சள் கப். இந்தப் பட்டறைப் படியில கூட இழுத்து விட்டிருக்கா. கச்சேரிக்கு வந்தா முதல் வரிசையில அதே மஞ்சள் ஷால். ஒரு வருஷமா ஒரே ஷால். பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? வேற துணியே எடுத்துத் தரலையான்னு உங்களைத்தான் கேப்பாங்க.

— உங்க பொண்ணு அத்தை. நீங்க வளத்தது.

— என் பொண்ணா இருந்தவரைக்கும் ஒழுங்காத்தான் இருந்தா. உங்க பொண்டாட்டி ஆனப்புறம்தான் இப்படி.

— சரி, என் தப்புதான். எல்லாம் என் தப்புதான்னு ஒரு போர்டு எழுதி கழுத்துல மாட்டிக்கறேன். தலைப்பக்கம் பாத்தீங்களா? தந்தி முறுக்கற இடத்துக்கு நடுவுல?

— என்ன அங்க?

— பாருங்களேன். சிப்பி வெட்டி ஒண்ணு பதிச்சிருக்கேன். அது ஒண்ணுக்கே ஒரு வாரம் ஆச்சு. ரெண்டு தடவை உடைஞ்சுது.

— நல்லா இருக்கு.

— என்னன்னு தெரியுதா?

— ஏன் தெரியாம? பூ. நல்ல பூ.

— அத்தை.

— கண்ணாடியை வீட்ல வச்சுட்டு வந்துட்டேன் மாப்ள. அதான் கொஞ்சம் மங்கலா இருக்கு.

— கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருக்கு.

— ஆமா. இருக்கு.

— அது பூ இல்ல. ஸ்கூட்டர்.

— ஸ்கூட்டரா?

— உங்க ஸ்கூட்டர்தான். போன வருஷம் விழுந்தீங்களே, மறுநாளே உங்க பொண்ணு வித்தாளே, அது. முன்னாடி உடைஞ்ச விளக்கு கூட செதுக்கியிருக்கேன். பாத்தவுடனே என்னை அடிக்க வருவீங்கன்னு ஏழு மாசமா ஆசையோட காத்துக்கிட்டிருந்தேன்.

— என் விரலை எடுத்து அது மேல வைங்க. இதுதான் சக்கரமா?

— அது சீட்டு. இதுதான் சக்கரம்.

— கதவைச் சாத்து.

— 'நீ'ன்னுட்டீங்க.

— இது கோவம் இல்ல. சாத்து.

— சாத்திட்டேன். சொல்லுங்க.

— நடுவுல ஒரு புகை இருக்கு. எதை நேரா பாத்தாலும் அதுக்கு மேல ஒரு கட்டைவிரலை வச்சு அழுத்தின மாதிரி. ஓரமெல்லாம் தெரியும். உன் காது தெரியுது, தாடி தெரியுது. மூக்கு இல்ல.

— மூக்கு அப்படி ஒண்ணும் பாக்கற மாதிரி இல்ல அத்தை.

— டாக்டர் முழுசா இருட்டாகாதுன்னுட்டார். போனது திரும்பி வராதுன்னும் சொல்லிட்டார். ஒத்திகைக்குப் போறேன்னு சொல்லிட்டு நானே தனியா போய்க் காட்டிட்டு வந்தேன், மழையெல்லாம் நின்னப்புறம்.

— கச்சேரி?

— அதைத்தான் சொல்ல வர்றேன். போன தடவை ஒரு பாட்டு முழுக்க ஒரு கட்டம் தள்ளி வாசிச்சேன். ஆரம்பிச்ச இடம் தப்பு. இருட்டு மேடை, கறுப்பு நெக், புள்ளி ஒண்ணும் தெரியல. காதுல தப்புன்னு கேக்குது, ஆனா எந்தப் பக்கம் நகரணும்னு ஒரு நிமிஷம் புரியல. டிரம்ஸ்காரன் என்னைப் பாத்த பார்வை இருக்கே, அது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. அதனாலதான் பித்தளைப் பொட்டு கேட்டேன். தோள் வலியெல்லாம் சும்மா.

— அப்ப ஒண்ணரைக் கிலோ மரத்தைச் சும்மாதான் குடைஞ்சேனா?

— கொஞ்சம் வலியும் இருக்கு. கேட்டுக்கோ, இது அவளுக்குத் தெரியவே கூடாது. ஒரு தடவை விழுந்ததுக்கு ஸ்கூட்டரை வித்தவ. இது தெரிஞ்சா சனிக்கிழமை கச்சேரிக்குப் போக விடுவாளா? ஒயரு, படி, இருட்டுன்னு நூறு காரணம் சொல்லி வீட்ல உக்கார வச்சுடுவா. எனக்கு வாசிக்கணும். ஷோ பீஸ் மாதிரி சோபாவுல உக்காந்திருக்க என்னால ஆகாது. சத்தியம் பண்ணு.

— சத்தியம் வேண்டாம் அத்தை. ஏற்கெனவே ஒரு சத்தியம் இருக்கு, இன்னொண்ணு தாங்காது.

— என்ன சத்தியம்?

— பொதுவாச் சொன்னேன். மனுஷனுக்கு ஆயிரம் சத்தியம் இருக்கும்.

— உனக்கு இருக்காது. நீ பொய் சொன்னா காதைச் சொறிவ. நான்தான் காது தெரியுதுன்னேனே.

— கையைக் கீழ வச்சுட்டேன்.

— ஒண்ணு கேக்கறேன். பொட்டு வைக்கணும்னு போன்ல சொன்னேன் பாரு, நான் முடிக்கறதுக்குள்ள சரின்ன. ஒரு ஸ்க்ரூ வைக்கச் சொன்னாலே எதுக்கு, ஏன், யார் சொன்னாங்கன்னு பத்து கேள்வி கேக்கறவன் நீ. ஏன் கேக்கல?

— ஏன்னா அப்பவே வச்சு முடிச்சிருந்தேன். போதுமா?

— யார் சொல்லி வச்ச?

— அத்தை, நான் ஏழை. மரம் அறுத்துப் பிழைக்கறேன். என்னை விட்டுடுங்க.

— மஞ்சள் யார் சொல்லி அடிச்ச?

— கடையில அந்தக் கலர்தான் இருந்துச்சு.

— ஏன்டா கை மறுபடியும் காதுக்குப் போகுது?

— 'டா' போட்டுட்டீங்க. இனி மறைக்க முடியாது. உங்க பொண்ணுதான். கண்ணு மங்கினவங்களுக்கு இருட்டுல எந்தக் கலர் சுலபமாத் தெரியும்னு எங்கெங்கயோ போய்க் கேட்டுட்டு வந்தா. என்கிட்ட ஏழு மஞ்சளைக் காட்டினா. எனக்கு ஏழும் ஒண்ணாத்தான் இருந்துச்சு, அதுக்கும் திட்டு வாங்கினேன்.

— அப்ப அந்தக் கப்பு.

— ஆமா.

— படி. படியில அவ பட்டை அடிச்சது மழைக்கு முன்னாடியாச்சே. நான் டாக்டர்கிட்ட போனதே மழைக்கு அப்புறம்.

— ஆமா.

— எனக்கே தெரியாது அப்ப. கண்ணாடி பவர் மாறியிருக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அவளுக்கு எப்படி?

— டீ ஊத்தறப்ப கப்புக்குள்ள ஒரு விரலை விட்டுக்கிட்டு ஊத்தினீங்களாம். சுட்டதும் நிறுத்தினீங்களாம். ராத்திரி என்கிட்ட வந்து சொல்லிட்டு அழுதா. காலையில எழுந்து நேரா கடைக்குப் போயி கப்பு வாங்கிட்டு வந்தா.

— அந்தப் பழுப்புக் கப்புல டீ எங்க நிக்குதுன்னே தெரியாது. ஷால்?

— நீங்க மேடையில ஏறினதும் அவளைத் தேடுவீங்களாம், சின்ன வயசுல இருந்தே பாத்திருக்காளாம். தேடிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னுதான்.

— அது ஒண்ணுதான் மாப்ள தெரியும் அங்கிருந்து. கூட்டமெல்லாம் கலங்கலா இருக்கும், நடுவுல அந்த மஞ்சள் மட்டும் இருக்கும். அதைப் பாத்துட்டுத்தான் முதல் தந்தியையே தொடுவேன்.

— மூக்கைச் சிந்துங்க, ஆனா பேஸ் மேல வேண்டாம். அந்தப் பாலிஷ் இன்னும் குழந்தை.

— தெரிஞ்சும் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?

— நானும் கேட்டேன். அவ சொன்னது அப்படியே சொல்றேன். "நான் கேட்டா அம்மா எனக்காக நிறுத்திடுவா. கேக்காம இருந்தா வாசிச்சுக்கிட்டே இருப்பா." ஸ்கூட்டரை வித்ததுக்கு இன்னும் வருத்தப்படறா. அன்னைக்குப் பயத்துல வித்துட்டாளாம்.

— ஒரு வருஷமா தனியா வச்சுக்கிட்டு இருந்திருக்கா.

— தனியா இல்ல. நான் இருக்கேனே, ரெண்டு பக்கமும் வாயைப் பொத்திக்கிட்டு. தயவுசெஞ்சு அத்தை, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். உங்களுக்கு எதுவும் தெரியாது, எனக்கும் தெரியாது, மஞ்சள் நானே கிறுக்குத்தனமா அடிச்சது. திட்டணும்னா அவ எதிர்லயும் திட்டுங்க, நம்பிடுவா.

— சரி. திட்டறதுல எனக்கு என்ன கஷ்டம்?

— நாலு மணிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போக வர்றேன்னா. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. மூஞ்சியைக் கழுவுங்க.

— பத்து நிமிஷம் இல்ல. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாருங்க, வாசல்ல வந்து நிக்கறா. பேச்சை நிறுத்துங்க, கதவைத் திறங்க.

— 'நீங்க'ன்னுட்டீங்க. நல்லா நடிக்கறீங்க அத்தை. இதோ திறந்துட்டேன். வாம்மா, உங்கம்மா என்னை ஒரு மணி நேரமா வறுத்து எடுக்கறாங்க, கொஞ்சம் காப்பாத்து.

— என்னம்மா, கதவைச் சாத்திட்டு என்ன ரகசியம்? ஏன் கண்ணெல்லாம் சிவந்திருக்கு? கலர் பிடிக்கலையா? பிடிக்கலைன்னா சொல்லிடு, அவரை மொத்தமும் உரிச்சுட்டு வேற அடிக்கச் சொல்றேன்.

— உரிக்க வேண்டாம். நீ வாய் திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்கறது நீதான்னு கண்டுபிடிச்சேன். முகத்தை வச்சு இல்லடி, அந்த ஷாலை வச்சு.