இடது கன்னத்து நுரை

சினிமாவில் குதிரைகள்தான் அதிகம் தப்புப் பண்ணும், அமலா. ஒரு ஷாட்டில் கிழக்கே பார்த்து நிற்கும். கேமராவை இடம் மாற்றி வைப்பதற்குள் மேற்கே திரும்பியிருக்கும். கௌபாய் படம் என்றால் கேட்கவே வேண்டாம்.

உன் அண்ணன் ராயப்பராஜ் ஒன்றுவிடாமல் பிடிப்பான். நான் தியேட்டர் ஆபரேட்டர். அவன் பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகக் காலைக் காட்சிக்கு வந்துவிடுவான். படம் விட்டதும் மூக்கையா டீக்கடையில் எங்கள் வழக்கு ஆரம்பமாகும். அவன் ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். அது தப்பே இல்லை என்று நான் காரணம் சொல்ல வேண்டும். அதுதான் விளையாட்டு.

"ஏலே அசோக்கு, குதிரை ஏன் திரும்புச்சு?" என்பான்.

"ஈ கடிச்சிருக்கும்."

"சரி, சட்டையில ரத்தம் எங்க போச்சு?"

"பொண்டாட்டி துவைச்சுப் போட்டிருப்பா."

"ரெண்டு நிமிசத்துலயா?"

"அம்புட்டுப் பாசம்."

மூக்கையா சிரித்துச் சிரித்து டீயைக் கீழே ஊற்றுவார். எதற்கும் ஒரு காரணம் சொல்ல எனக்கு வரும். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் நான் ஆளாக இருந்தேன். எனக்கு வேறு யாரும் கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

தொண்ணூற்றாறில் 'ஊருக்கு ரெண்டு ஷெரீப்' என்ற பழைய காமெடிப் படம் எங்களிடம் ஓடியது. அதில் ஷெரீப் சவரக்கடையில் உட்கார்ந்திருப்பான். இடது கன்னம் மழித்தாகிவிட்டது, வலது கன்னத்தில் மட்டும் நுரை. வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடுவான். வாசலில் நிற்கும்போது பார்த்தால் நுரை இடது கன்னத்தில் இருக்கும். தெருவில் இறங்கியதும் மறுபடி வலது கன்னத்துக்கு வந்துவிடும். வாசல் காட்சி இரண்டே வினாடி. முதல் நாளே ராயப்பு அதைப் பிடித்துவிட்டான்.

அதே வாரம் சித்தையன்கோட்டையில் ஒரு ஷூட்டிங். வேடிக்கை பார்க்கப் போனவன், சாப்பாட்டுக்குப் பிறகு கதாநாயகியின் வளையல் கை மாறியிருப்பதைச் சொல்லியிருக்கிறான். அந்த யூனிட்டின் இணை இயக்குநருக்கு ஆச்சரியம். அவனை உட்கார வைத்துப் பேசியபோது, இந்த நுரைக் கதையையும் சொல்லியிருக்கிறான்.

"ஞாயித்துக்கிழமை படம் பாக்க வாராராம்ல. நான் சொன்னது மட்டும் நெசமா இருந்துச்சுன்னா, சாயங்கால ரயில்லயே மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறேன்னுட்டாரு. ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமப் பாத்துக்கணும், கண்டின்யூட்டி பாக்குற வேலை" என்றான். அவன் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நீயும் வாரியா?" என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தோன்றியிருக்காது. இனி ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நான் யாரோடு வழக்குப் பேசுவது?

ஞாயிறு காலை, காட்சிக்கு முன்னால், அந்த ரீலை மேசையில் போட்டு ஓட்டினேன். வாசல் காட்சி மொத்தம் மூன்றடி. வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டினேன். பத்து நிமிட வேலை. உண்மையில் படம் அதன்பின் நன்றாகவே இருந்தது.

காட்சி முடிந்ததும் நான் கீழே இறங்கிப் போனேன். இணை இயக்குநர் ராயப்புவின் தோளில் தட்டிக்கொண்டிருந்தார். "கண்ணவிட கற்பனை ஜாஸ்தி தம்பி உங்களுக்கு" என்றார். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் காரில் ஏறினார்.

ராயப்பு என்னைப் பார்த்தான். "அந்த இடத்துல படம் லேசாக் குதிச்சுச்சுல்ல?"

"பழைய பிரிண்ட்டு. நாப்பது இடத்துல குதிக்குது."

"நீயும் பாத்தீல்ல அசோக்கு? இடது கன்னத்துல நுரை?"

"இல்லையேப்பா" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் அவன் தேறிவிட்டான். மெட்ராசுக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னான். உனக்குக் கல்யாணமாகி நீ நத்தம் போன பிறகு, துணைக்கு என்று உங்கள் வீட்டுக்கே குடி வந்தேனல்லவா? அவன் ஜன்னலில் வைத்த அரத்தை எடுத்துப் பெட்டியில் வைப்பேன். கொடியில் போட்ட சட்டையை ஆணியில் மாட்டுவேன். காலண்டரில் ஒரு தாளைக் கூடுதலாகக் கிழிப்பேன். சின்னச் சின்னக் காரியங்கள்தான். கடிதம் எழுதும் பேச்சு நின்றது. பிறகு எதைப் பார்த்தாலும் என்னைக் கேட்க ஆரம்பித்தான். கதவு பூட்டியிருக்கா அசோக்கு, இது நேத்துப் போட்ட சட்டைதானே அசோக்கு. பத்து வருடம் அப்படிக் கேட்டான். நானும் பொறுமையாகச் சொன்னேன். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

இரண்டாயிரத்து நாலில் ஒரு நாள், "வலது பக்கம் திரை போட்டாப்புல இருக்குல. சைக்கிள் கிட்ட வந்தாத்தான் தெரியுது" என்றான். நான், "எல்லாம் மனப்பிரமை. அந்த நுரை மாதிரிதான்" என்றேன். சரியென்று தலையாட்டினான். அதன்பின் அவன் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

போன வருடம் நீ வந்து பார்த்துவிட்டு அவனை மதுரைக்குக் கூட்டிப் போனாய். கண்ணில் அழுத்தமாம், இரண்டு வருடம் முன்பு வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாமாம். "ஏண்ணே யாருகிட்டயும் சொல்லல?" என்று நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாய். நானும் அழுதேன். நடிக்கவில்லை, அமலா.

போன மாதம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். வெட்டாத முழுப் படம். ராயப்பு என் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். துப்பாக்கி வெடித்ததும் என் கையைப் பிடித்தான்.

"வாசலுக்கு வந்துட்டானா? எந்தக் கன்னம்?"

இடது கன்னத்தில் வெள்ளை வெளேரென்று நுரை.

"வலது கன்னம்தாம்பா" என்றேன்.

பிடித்த கையை அவன் விடவில்லை. பிறகு, "என் கண்ணு அப்பவே கெட்டிருக்கு போல. நீ மட்டும் இல்லேன்னா என் கதி என்னாயிருக்கும்ல" என்றான்.

நேற்று என் பெட்டியில் பிஸ்கட் டின்னைத் திறந்து, அந்த மூன்றடி பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது என்னண்ணே?" என்று கேட்டாய். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதியிருக்கிறேன். அவனுடைய மெட்ராசையும் கண்ணையும் எடுத்தது நான்தான். நாளைக்கு அவனை நத்தத்துக்குக் கூட்டிப் போகிறாய். விஷயத்தை அவனிடம் சொல்லிவிடு, நான் தடுக்கமாட்டேன். ஆனால் சாப்பாடு போட்டதும், தட்டில் சோறு எந்தப் பக்கம், வெஞ்சனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். நான் சொன்னால்தான் நம்புவான்.