மூன்றாவது வரி

சாயங்காலம் ஆறே முக்கால்... தொண்ணூற்று நாலாம் வருஷம். கிணத்துக்கடவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் தென்னந்தோப்புக்குள் ஒன்றரை மைல் மண்ரோடு. ஈ காக்கை கிடையாது. அதில் தனியாக நடந்தவர் என் நண்பனின் பெரியம்மா, பொற்கொடி டீச்சர். சிரிக்காதீர்கள், பொய் பேசத் தெரியாத மனுஷி.

போன இடம் நஞ்சுண்டன் பங்களா. காலேஜில் தர்க்கம் சொல்லித் தருகிறவர். டீச்சரின் அண்ணன் சாமுவேலோடு ஒன்றாய்ப் படித்தவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இருவரும் அந்த ஒரே வேலைக்கு மனு போட்டார்கள். நேர்காணலுக்கு முந்தின நாள் சாமுவேலைக் காணோம்.

"போத்தனூர்ல நாந்தானுங்க ரயில் ஏத்தி உட்டேன். எங்க போறேன்னு சொல்லலைங்க" என்றார் நஞ்சுண்டன். வேலை அவருக்குக் கிடைத்தது. சாமுவேலின் அம்மா வாசலைப் பார்த்தே செத்துப்போனாள். விட்டுவிட்டு ஓடினவன் என்று டீச்சர் அண்ணனைக் கரித்துக் கொட்டாத நாளில்லை. டீச்சரைப் படிக்க வைத்ததே நஞ்சுண்டன்தான். அன்று தன் புத்தகங்களுக்குப் பட்டியல் எழுதக் கூப்பிட்டிருந்தார்.

கண்ணாடி அலமாரியில் நூறு வருஷத்துத் தர்க்கப் புத்தகம் ஒன்று. திறந்ததும் அந்துருண்டை வாசம்... அதற்கடியில் பாசி வாசம். சாமுவேல் அதை இரவல் வாங்கித்தான் தங்கைக்குப் பாடம் சொல்வான். ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதுவான். மூன்றாவது வரி, அதாவது முடிவு, அவள் எழுத வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி. அண்ணன் கையெழுத்து. தொட்டால் ஈரம்.

'இந்தத் தோப்புக் கிணற்றில் தள்ளப்பட்டவர் எவரும் ரயில் ஏறவில்லை. நான் அதில் தள்ளப்பட்டேன்.'

பழக்க தோஷம், கை எழுதிவிட்டது. 'ஆகவே, நீ ரயில் ஏறவில்லை.' எழுதிய பிறகுதான் டீச்சர் அதைப் படித்தார்.

பின்னால் நஞ்சுண்டன். டீச்சர் பக்கத்தை நீட்டினார். இருபத்திரண்டு வருஷமாகப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற ஆள்... சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா தானாக வந்தது.

"முடிவு சரிங்க, அம்மணி" என்று டிக் அடித்தார்.

"மேல இருக்கற ரெண்டு வரியும் நெசமுங்களா?"

பேனா நின்றது.

"உங்களையுமா அண்ணான்னு கூப்ட்டேன்" என்றார் டீச்சர். செருப்புகூடப் போடாமல் வெளியே வந்துவிட்டார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அறைக்குள் நஞ்சுண்டன் ஒருவர்தான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது... ஒன்று. அப்புறம் எதிரே, இன்னொன்று.