வலது பக்கத்துப் பெட்டி

— அந்த பெஞ்ச் மேலயே வைங்க அண்ணி. வலது ஸ்பீக்கர்தானே? ஏழு வருஷமா அதைக் கண்ணுல காட்டாத அண்ணனுக்கு இப்ப என்ன திடீர்னு?

— பெயிண்ட் அடிக்கணும் தம்பி. உங்ககிட்ட இருக்கிற இடது பெட்டி என்ன கலரோ, அதே கலர்.

— அவர் அடிச்ச பச்சை என்னாச்சு?

— பாத்தாலே தெரியலையா? பாம்பு சட்டை உரிச்ச மாதிரி கிடக்கு.

— உரியாம? பிரைமர் காயல, ஒரு நாள் பொறு அண்ணேன்னு கெஞ்சினேன். ‘உனக்கு எல்லாத்துலயும் ஆமை வேகம்டா’ன்னு ஸ்ப்ரே டப்பாவைத் தூக்கிட்டார். ஒண்ணு போச்சு. மிச்ச ஒண்ணையாவது காப்பாத்துவோம்னு பிடுங்கிட்டு வந்தேன்.

— ஒரு டப்பா பெயிண்டுக்கு ஏழு வருஷம் பேச்சு இல்ல. வெளியில சொன்னா சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். ஒரு வருஷம், ஞாயித்துக்கிழமை எல்லாம் ரெண்டு பேரும் உக்காந்து அறுத்து, இழைச்சு, ஒட்டின பெட்டி அண்ணி. கடைசி ஒரு நாள் பொறுக்கல அவருக்கு.

— உங்களது எங்க?

— ஜன்னல் பக்கம் பாருங்க. கருநீலம். இந்தப் பட்டறையில கார் கதவுக்கு அடிக்கிற பெயிண்ட். தினம் வெயில் குடிக்குது, ஒரு பொட்டு வெளுக்கல.

— நல்லாத்தான் இருக்கு. பாட்டு கேக்கறீங்களா அதுல?

— ஒண்ண மட்டும் வச்சு என்னத்தக் கேக்க? ஒரு காதைப் பொத்திக்கிட்ட மாதிரி இருக்கு. அவர் கேக்கறாரா?

— துணி போட்டு மூடினதுதான்.

— ம். சரி விடுங்க. பழசைச் சுரண்டி, உப்புத்தாள் தேச்சு, பட்டி வச்சுப் பள்ளம் அடைச்சு, பிரைமர். அப்புறம் மூணு கோட். ஒவ்வொண்ணும் நல்லாக் காயணும். மூணு வாரத்துல வாங்க.

— நாளன்னிக்குக் கிடைக்காதா தம்பி?

— பாத்தீங்களா! இது உங்க பேச்சு இல்ல, அவர் பேச்சு. இன்னும் அந்த அவசரம் போகல. ஏன், நேர்ல வந்து கேட்டா கால் தேஞ்சிடுமா?

— பெயிண்ட் விஷயம் மட்டும் பேசிட்டு வா, வேற எதையும் சொல்லாதேன்னுதான் அனுப்பினார். உங்க பெட்டியும் வேணுமாம். கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் வச்சு, ஒரே கலர்ல பாக்கணுமாம்.

— பெரிய ராஜா. படுத்துக்கிட்டே பாட்டு கேக்கணுமாக்கும்?

— ஆமா. படுத்துக்கிட்டேதான்.

— நாளன்னிக்குன்னா மறுபடியும் அந்த ஸ்ப்ரே டப்பாதான் அண்ணி. என் கையால அதை அடிக்க மாட்டேன். ஒரு வருஷம் நிக்காது.

— ஒரு வருஷம் எதுக்கு தம்பி? டாக்டர் சொல்றதைப் பாத்தா, இந்த வாரம் நின்னாப் போதும்.